ரேர் ஸ்டுடியோக்காரங்க சோம்பேறி ஆயிட்டாங்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நான் காலேஜ் மூணாவது வருஷம். என் மாமா பையன் வெளிநாட்டுல இருந்து வரும்போது பழைய நின்டெண்டோ 64 கன்சோல் (டிவில சொருகி கேம் விளையாடற மிஷின்) ஒண்ணு கொண்டு வந்தான், லீவு பூரா அதுலதான் உக்காந்திருந்தோம். எங்களுக்குப் புடிச்ச கேம் எல்லாமே ரேர்னு ஒரே கம்பெனி பண்ணதா இருக்கு. இப்ப ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சண்டை. நின்டெண்டோ கிட்ட இருந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு மூணு ஹிட் குடுத்தாங்க, மைக்ரோசாஃப்ட் வாங்குனதும் காசு வந்துருச்சு, வேலை செய்யறத விட்டுட்டாங்கன்னு ஒருத்தன் அடிச்சுப் பேசறான். உண்மையா?
– ஒரு வாசகர், வில்லாபுரம்

பதில்: தம்பி, வெளிவந்த கேமை மட்டும் எண்ணுனா உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி மாதிரிதான் தெரியும். அதனால எண்ணியே பாத்துருவோம். ரேர் இருக்கறது இங்கிலாந்துல ட்வைக்ராஸ்ங்கற ஒரு சின்ன கிராமத்துல, 1985ல ஸ்டாம்பர் சகோதரர்கள் ஆரம்பிச்சது. 1994ல டாங்கி காங் கன்ட்ரி வந்துச்சு, சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர்ல உருவம் செஞ்சு அத சாதா கன்சோல்ல ஓட வெச்ச கேம், 90 லட்சம் காப்பிக்கு மேல வித்துச்சு, நின்டெண்டோ அந்தக் காலகட்டத்துலதான் ரேர்ல 25 சதவீதம் பங்கு வாங்கி அப்புறம் அத 49 ஆக்குனாங்க. நின்டெண்டோ 64க்கு மட்டும் 1996ல இருந்து 2001க்குள்ள 11 கேம். கோல்டன்ஐ, பிளாஸ்ட் கோர், டிட்டி காங் ரேசிங் மூணும் 1997ங்கற ஒரே வருஷத்துல. இன்னைக்கு எந்த ஸ்டுடியோவாலயும் நெனச்சுப் பாக்க முடியாத வேகம் அது, அதுல சந்தேகமே இல்ல.

2002 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலர் குடுத்து முழு கம்பெனியையும் வாங்குச்சு. அதுக்கப்பறம் 2003ல ஒண்ணு, 2005ல மூணு, 2006ல விவா பினாட்டா, 2008ல அதோட ரெண்டாம் பாகமும் ஒரு பேஞ்சோ கேமும், 2010ல இருந்து 2014 வரைக்கும் கினெக்ட் ஸ்போர்ட்ஸ், 2018ல சீ ஆஃப் தீவ்ஸ். அவ்வளவுதான் பெருசா சொல்லிக்கற மாதிரி. நீங்க ரெண்டு பேரும் இந்த லிஸ்ட்ட வெச்சுக்கிட்டுத்தான் சண்டை போட்டிருப்பீங்க.

ஆனா இந்த லிஸ்ட்ல கடைக்கு வந்த கேம் மட்டும்தான் இருக்கு, ஆபீஸ்ல நடந்த வேலை இல்ல. கமியோன்னு ஒரு கேம், நின்டெண்டோவோட கேம்க்யூபுக்குன்னு ஆரம்பிச்சது, 2001ல கண்காட்சில கூட காமிச்சாங்க. கம்பெனி கை மாறுனதும் மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸுக்கு மாத்துனாங்க. அது கிட்டத்தட்ட ஆன நேரத்துல புது எக்ஸ்பாக்ஸ் 360 வருது, அன்னைக்கே கடைல வைக்க கேம் வேணும், அதனால திரும்பவும் 360க்கு மாத்துனாங்க. 2005 நவம்பர்லதான் வெளிய வந்துச்சு. பர்ஃபெக்ட் டார்க் ஜீரோவுக்கும் இதே மூணு கன்சோல் கதைதான், ரெண்டும் ஒரே நாள்ல 360 கூடவே வந்துச்சு. அந்த மூணு நாலு வருஷத்துல அந்த டீம்ல இருந்தவங்க ஒரு நாளாவது சும்மா இருந்திருப்பாங்களா சொல்லுங்க, மூணு கன்சோலுக்கு வேலை பாத்திருக்காங்க, ஆனா வரலாத்துல "ரேர், 2005, ஒரு கேம்"னு ஒத்தை வரிதான் நிக்கும்.

நம்ம தெற்காவணி மூல வீதில ஒரு பட்டறை ஆசாரிகிட்ட கடைக்காரர் ஒரு ஆரத்துக்கு ஆர்டர் குடுத்துட்டு பாதி வேலைல டிசைன மாத்தி, முக்கால் வேலைல இன்னொரு தடவ மாத்துனா மாசக் கடைசில ஆசாரி கைல ஒரு ஆரம்தான் இருக்கும். ஆசாரி வேலை செய்யலன்னு அந்தத் தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க.

சரி, நின்டெண்டோ காலத்துல இப்படி ஆகலியான்னா ஆச்சு. அதையும் சொல்லித்தான் ஆகணும். கான்கர்னு ஒரு அணில் கேம், 1997லயே குழந்தைங்க கேமா காமிச்சு, அப்புறம் முழுசா பெரியவங்களுக்கான கேமா மாத்தி 2001லதான் விட்டாங்க. டைனோசர் பிளானட்னு நின்டெண்டோ 64க்கு செஞ்சுக்கிட்டிருந்த சொந்தக் கதைய ஸ்டார் ஃபாக்ஸ் ஆளுங்கள போட்டு மாத்துங்கன்னு சொல்லி கேம்க்யூபுக்கு நகத்துனாங்க, அது 2002ல கடைக்கு வந்த அதே வாரத்துலதான் கம்பெனிய மைக்ரோசாஃப்ட் வாங்குன சேதியும் வந்துச்சு. பேஞ்சோ கசூயி 1997 கிறிஸ்மஸுக்கு வர வேண்டியது, முடியல, 1998க்கு தள்ளிப்போச்சு. ஆனா பாருங்க அந்தக் கிறிஸ்மஸுக்கு கடைல டிட்டி காங் ரேசிங் இருந்துச்சு. ஒண்ணு தள்ளிப்போனா இன்னொண்ணு கைல இருந்தது எதனாலன்னா ரேர்ல சின்னச் சின்ன டீமா தனித்தனிக் கட்டடத்துல வேலை நடந்துச்சு, கோல்டன்ஐ டீம்ல கிட்டத்தட்ட பத்து பேருதான், அதுல பெரும்பாலானவங்களுக்கு அதுதான் முதல் கேமே. பத்து பேர் டீம் நாலஞ்சு வெச்சிருந்தா ஒண்ணு கவுந்தாலும் கம்பெனி நிக்கும். இருநூறு பேர் சேந்து ஒரே கேம் பண்ணி அது தள்ளிப்போனா ஊருக்கே தெரியும், ரெண்டு மூணு வருஷம் கடைல உங்க பேரே இருக்காது.

டீம் ஏன் பெருசாச்சுன்னா கன்சோல் பெருசாச்சு, அவ்வளவுதான் காரணம். 2023ல அமெரிக்கால மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன்ங்கற பெரிய கேம் கம்பெனிய வாங்கற வழக்கு நடந்தப்ப பிளேஸ்டேஷன் பண்ற சோனி குடுத்த பேப்பர்ல கருப்பு மை அடிச்ச இடம் சரியா மறையாம வெளிய தெரிஞ்சிருச்சு, அதுல லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், சுமார் 200 பேரு, ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர், 300 பேருன்னு இருந்துச்சு. இந்தக் கணக்குல ரேர் வருஷத்துக்கு மூணு கேம் குடுக்கலன்னு கோவப்படறது நியாயமே இல்ல.

இன்னொரு விஷயம், கன்சோல்காரங்க கேக்கற எல்லாமே கேம் கிடையாது. 2008ல எக்ஸ்பாக்ஸ்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொம்மை உருவம் வந்துச்சுல்ல, அவதார், அத செஞ்சது ரேர். மைக்ரோசாஃப்ட்கிட்ட கைல வெச்சு விளையாடற கன்சோல் இல்லாததால நின்டெண்டோவோட கேம்பாய் அட்வான்ஸுக்கும் டிஎஸ்ஸுக்கும் ரேர் தொடர்ந்து கேம் பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க, முதலாளி மைக்ரோசாஃப்ட், கேம் ஓடறது நின்டெண்டோ மிஷின்ல, இது நெறைய பேருக்குத் தெரியாது. அப்புறம் கினெக்ட். கேமரா முன்னாடி நின்னு கைகால ஆட்டி விளையாடறது, 2010ல வந்துச்சு, மைக்ரோசாஃப்டுக்கு அத விக்க கேம் வேணும், ரேர் கிட்ட குடுத்தாங்க. கினெக்ட் ஸ்போர்ட்ஸ் நல்லாவே வித்துச்சு. 2014 ஏப்ரல்ல கினெக்ட் ஸ்போர்ட்ஸ் ரைவல்ஸ் வருது, அடுத்த மாசமே மைக்ரோசாஃப்ட் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 399 டாலருக்கு விக்கப் போறோம்னு அறிவிக்குது. கேம் செஞ்சவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு எனக்கு நெனைக்கவே கஷ்டமா இருக்கு. எந்த மிஷின விக்கறதுக்காக இத்தன வருஷம் உழைச்சாங்களோ அந்த மிஷினையே முதலாளி கைவிட்டுட்டாரு.

எவர்வைல்டு கதை இதவிட மோசம். 2019ல அறிவிச்சாங்க, பாக்கவே அவ்வளவு அழகா இருந்துச்சு, 2025 ஜூலைல மைக்ரோசாஃப்ட் 9,000 பேர வேலைய விட்டு அனுப்புன அதே நேரத்துல அத கேன்சல் பண்ணிட்டாங்க. ஆறு வருஷ உழைப்பு உங்க எண்ணிக்கைல பூஜ்யம்.

ஸ்டுடியோ மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல. எவர்வைல்டுல என்ன விளையாடப் போறோம்ங்கறத வெளிய இருந்த யாருக்கும் கடைசி வரைக்கும் அவங்களால தெளிவா சொல்ல முடியல. ஸ்டாம்பர் சகோதரர்கள் 2007லயே கிளம்பிட்டாங்க, கோல்டன்ஐ டீம்ல முக்கியமான சிலர் அதுக்கும் முன்னாடி 1990கள் கடைசிலயே நின்டெண்டோ காலத்துலயே வெளிய போய் ப்ரீ ராடிக்கல்னு தனியா ஆரம்பிச்சிட்டாங்க. ஆள் போனா கை போகும். ஆனா சோம்பேறின்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. உங்க ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க, வெளிய வராத கேம எண்ணுனியாடான்னு.

கேள்வி: சார், நான் காளவாசல் பக்கம் கேம் சென்டர் வெச்சிருக்கேன். நாலு பிஎஸ்5 (சோனியோட பிளேஸ்டேஷன் 5) ஓடுது. பசங்க வந்தா ஸ்பைடர்மேன், இல்லாட்டி ஃபுட்பால், இதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஸ்பைடர்மேன் பண்ற இன்சோம்னியாக் மட்டும் எப்படி சார் சொன்னபடி வருஷா வருஷம் குடுக்கறாங்க? அவங்களும் சோனிக்கு கீழதான இருக்காங்க?
– கேம் சென்டர் உரிமையாளர், காளவாசல்

பதில்: நல்ல கேள்விண்ணே. 2018ல ஸ்பைடர்மேன், 2020ல மைல்ஸ் மொராலஸ், 2021ல ராட்செட் அண்ட் கிளாங்க், 2023ல ஸ்பைடர்மேன் 2. இந்த ரேஞ்சு கேம்ல இவ்வளவு வேகமா குடுக்கற ஸ்டுடியோ வேற ஒண்ணு சொல்லுன்னா எனக்கு சட்டுனு பேர் வரல.

இதுல கவனிக்க வேண்டியது, சோனி இன்சோம்னியாக்க வாங்குனது 2019லதான், 22.9 கோடி டாலர். அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கும் மேல அவங்க தனி ஆளுங்க, ஆனா கிட்டத்தட்ட எல்லாமே பிளேஸ்டேஷனுக்குத்தான் பண்ணாங்க, ஸ்பைரோ மூணு பாகம் 1998, 99, 2000னு வரிசையா, ராட்செட் 2002ல இருந்து 2005 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு. நடுவுல 2014ல மைக்ரோசாஃப்டுக்கு சன்செட் ஓவர்டிரைவ் ஒண்ணு பண்ணாங்க. அதாவது கல்யாணத்துக்கு முன்னாடியே ஒருத்தர ஒருத்தர் நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த மிஷின் எப்படி ஓடும், எங்க மக்கர் பண்ணும், சோனில யார்கிட்ட என்ன கேக்கணும் எல்லாம் அத்துப்படி. பிஎஸ்4, பிஎஸ்5 ரெண்டையும் வடிவமைச்ச மார்க் செர்னி இருக்காரே, அவர் ஸ்பைரோ காலத்துலயே இவங்க கூட உக்காந்து வேலை பாத்தவரு. மிஷின் செய்யறவரும் கேம் செய்யறவங்களும் ஒரே டேபிள்ல இருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது, இருக்கறத தூக்கிப் போடறதில்ல. நீங்களே மைல்ஸ் மொராலஸ் டிஸ்க்கப் போட்டுப் பாருங்கண்ணே, அதே நியூயார்க், அதே தெரு, பனி மட்டும் கொட்டிருக்கும். ஊர முதல் கேம்லயே கட்டி முடிச்சாச்சு. நூல்ல தொங்கி ஆடற ஆட்டமும் ஏற்கனவே இருக்கு. அதனால ரெண்டே வருஷத்துல ஒரு முழுக்கதை குடுக்க முடிஞ்சுது, ரெண்டாம் பாகத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற குவீன்ஸும் புரூக்ளினும் சேத்தாங்க. இத சிலர் குறையா சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, செஞ்ச வேலை வீணாகாம அடுத்த கேமுக்குப் போய்ச் சேருது, இதுதான் மேல நான் வில்லாபுரம் தம்பிக்குச் சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

லாஸ்ட் ஆஃப் அஸ் பண்ண நாட்டி டாக்கையும் பாருங்க. 2001ல சோனி வாங்குச்சு. கிராஷ் பண்டிகூட் 1996ல இருந்து 1999 வரைக்கும் வருஷம் ஒண்ணு, பிஎஸ்3ல அன்சார்ட்டட் 2007, 2009, 2011னு ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, பிஎஸ்4ல அதுவே இன்னும் நீண்டு போச்சு, 2020 லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துக்கு அப்புறம் புதுசா ஒரு முழு கேம் வர்றதுக்கு அஞ்சு வருஷம் தாண்டிருச்சு, நடுவுல வந்தது எல்லாம் பழசுக்கு மெருகு பூசுனது. லாஸ்ட் ஆஃப் அஸ்ஸ ஆன்லைன்ல பலபேர் சேந்து விளையாடற மாதிரி ஒண்ணு வருஷக்கணக்கா பண்ணிட்டு 2023 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. அதே சோனி, அதே திறமைசாலிங்க. ஆன்லைன் கேம்லதான் காசுன்னு சோனி மேலிடம் ஒரு காலத்துல முடிவு பண்ணுச்சு, அந்த முடிவுக்கு எத்தன ஸ்டுடியோவோட வருஷங்க போச்சுன்னு பாத்தா வயிறு எரியுது. கான்கார்டுன்னு சோனியோட ஒரு ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6 மூடுனாங்க, ரெண்டே வாரம், அத செஞ்ச ஸ்டுடியோவையும் அக்டோபர்ல மூடிட்டாங்க.

கேள்வி: பாதில கேன்சல் பண்றது எப்பவுமே தப்புதானா?
– ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: இல்லம்மா. ரெட்ரோ ஸ்டுடியோஸ்னு அமெரிக்கால ஆஸ்டின்ல நின்டெண்டோவோட ஸ்டுடியோ. 1998ல ஆரம்பிச்சப்ப ஒரே நேரத்துல நாலஞ்சு கேம் பண்ணாங்க, எதுவும் சரியா வரல. நின்டெண்டோ வந்து பாத்துட்டு ஒவ்வொண்ணா நிறுத்தி மிச்சம் இருந்தவங்கள மெட்ராய்டு பிரைம்ங்கற ஒரே கேம்ல உக்கார வெச்சாங்க. 2002ல அது வந்துச்சு, இன்னைக்கும் கேம்க்யூபோட சிறந்த கேம்கள்ல ஒண்ணுன்னு சொல்றாங்க. அந்த வருஷமே நின்டெண்டோ ஸ்டுடியோவ முழுசா வாங்கிருச்சு. சீக்கிரம் நிறுத்துனா ஆளுங்க அடுத்த வேலைக்குப் போகலாம். ஆறு வருஷம் கழிச்சு நிறுத்துனா ஆளுங்களே போயிடறாங்க.

ஆனா இதே ரெட்ரோதான் 2014ல டாங்கி காங் ட்ராபிக்கல் ஃப்ரீஸ் குடுத்துட்டு, அடுத்த புது கேம் 2025 டிசம்பர்ல குடுத்தாங்க, மெட்ராய்டு பிரைம் 4. அத முதல்ல வேற இடத்துல குடுத்து, திருப்தியா இல்லன்னு 2019 ஜனவரில வெளிப்படையாவே சொல்லி, ரெட்ரோகிட்ட முதல்ல இருந்து ஆரம்பிக்க வெச்சாங்க. நல்லா இல்லன்னு தைரியமா சொன்னத நான் பாராட்டறேன், ஆனாலும் ஒரு ஸ்டுடியோவோட பதினோரு வருஷம் சின்ன விஷயமில்ல.

கேள்வி: ஐயா, என் மகன் பெங்களூர்ல கேம் கம்பெனி ஒண்ணுல ஆர்ட்டிஸ்டா சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வெளிநாட்டு கேமுக்கு இங்க இருந்து படம் வரைஞ்சு குடுக்கற வேலையாம். அவுக அப்பா கவர்மெண்ட் பரீட்சைக்குப் படின்றாரு. அந்த வேலை நிலைக்குமா? பேரு போட வேணாம்.
– ஒரு அம்மா, திருமங்கலம்

பதில்: அம்மா, மறைக்காம சொல்றேன். மேல இவ்வளவு நேரம் பேசுன கேம்ல நம்ம நாட்டுக்காரங்க கையும் இருக்கு. பெங்களூர்ல துருவா இன்டராக்டிவ்னு ஒரு ஸ்டுடியோ 1997ல ஆரம்பிச்சது, ஃபோர்சா ஹொரைசன், டேஸ் கான், ரேரோட சீ ஆஃப் தீவ்ஸ் இதுக்கெல்லாம் அங்க இருந்து ஆர்ட் போயிருக்கு. அத 2019ல ஜிடிஏ கேம் பண்ற ராக்ஸ்டார் வாங்கிருச்சு. அந்த சீ ஆஃப் தீவ்ஸ், கடற்கொள்ளைக் கப்பல் ஓட்டற கேம், பசங்க விளையாடறப்ப பக்கத்துல நின்னு பாத்துருக்கேன், ஒருத்தன் சுக்கான புடிப்பான், அவனுக்கு முன்னாடி பாய் மறைச்சு நிக்கும், வழி தெரியாது, இன்னொருத்தன் மேல ஏறிப் பாத்து கத்துவான், மூணாவது ஆளு கீழ வாளிய வெச்சு தண்ணி எறைச்சுக்கிட்டே இருப்பான், ஓட்டைய பலகை வெச்சு அடைக்கணும். அந்தக் கேம்ல இந்தியாவுல உக்காந்து செஞ்ச ஒரு பொருளும் எங்கயோ இருக்குன்னு நெனச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்க மகன் ஆசைப்படறது வெட்டி ஆசை இல்ல.

நிலைக்குமான்னா, கஷ்டம். வேலை எவ்வளவு நல்லா பண்ணாலும் ஸ்டுடியோவ மூடற தொழில் இது. ஜப்பான்ல டாங்கோ கேம்வொர்க்ஸ்னு ஒரு ஸ்டுடியோ, 2023 ஜனவரில ஹைஃபை ரஷ்னு ஒரு கேம் விட்டு எல்லாரும் கொண்டாடுனாங்க, 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட் அத மூடறதா சொல்லிருச்சு. நல்லவேளையா ஒரு கொரியக் கம்பெனி, கிராஃப்டான், அந்த ஆகஸ்ட்லயே எடுத்துக்கிச்சு. பேபிள் கேம் பண்ண லயன்ஹெட் ஸ்டுடியோவ 2016ல மைக்ரோசாஃப்ட் மூடுச்சு. சோனி 2012ல லிவர்பூல் ஸ்டுடியோவ மூடுனாங்க. பெரிய முதலாளிக்கு கீழ இருக்கோம் பயமில்லன்னு யாரும் சொல்லிட முடியாது. இங்க இருந்து கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்களுக்கு, அங்க ஒரு கேம் கேன்சல் ஆனா இங்க அந்த வேலை அன்னைக்கே நின்னு போகும்.

அதனால மகன்கிட்ட ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க. சேரப்போற கம்பெனி ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிய நம்பி இருக்கா, இல்ல நாலஞ்சு பேருக்கு வேலை பண்ணுதா. அப்புறம், அவன் கத்துக்கிட்டிருக்கற சாஃப்ட்வேர் சினிமா விஎஃப்எக்ஸ், விளம்பரம், கட்டட டிசைன் பக்கமும் உதவுமா. இந்த ரெண்டுக்கும் நல்ல பதில் இருந்தா அனுப்பி வைங்கம்மா. வரையத் தெரிஞ்ச புள்ளைய வலுக்கட்டாயமா பரீட்சைக்கு உக்கார வெச்சா ரெண்டுலயும் மனசு போகாது. அப்பாகிட்ட சண்டை போடாம, ஒரு வருஷம் பாத்துட்டு மறுபடி பேசலாம்னு பக்குவமா சொல்லிப் பாருங்க, ஏத்துக்குவாரு.

கேள்வி: வடபழஞ்சில ஐடி கம்பெனில டீம் லீடா இருக்கேன். எங்க ஆபீஸ்ல எத்தன டிக்கெட் (பதிவு பண்ணி ஒப்படைக்கற சின்னச் சின்ன வேலை) முடிச்சீங்கன்னுதான் கணக்கு. கேம் ஸ்டுடியோவோட உற்பத்திய கன்சோல் கம்பெனிங்க எப்படி அளப்பாங்க?
– ஒரு டீம் லீட், வடபழஞ்சி

பதில்: மாசத்துக்கோ மூணு மாசத்துக்கோ ஒரு மைல்ஸ்டோன் வைப்பாங்க, அந்தத் தேதில ஓடற மாதிரி ஒரு பில்டு, அதாவது அதுவரைக்கும் செஞ்ச கேமோட பதிப்பு, குடுக்கணும், முதலாளி ஆளுங்க வந்து விளையாடிப் பாப்பாங்க. வெளி ஸ்டுடியோன்னா அது பாஸானாத்தான் அடுத்த தவணைப் பணம். இது ஒரு அளவு. ஆனா மேலிடத்துல உக்காந்திருக்கறவங்க பாக்கறது வேற. கன்சோல்காரங்களுக்கு சொந்தக் கேம் வித்த காசு மட்டும் வருமானம் கிடையாது, மத்த கம்பெனி கேம் அவங்க ஸ்டோர்ல வித்தா பொதுவா 30 சதவீதம் அவங்களுக்கு. ஒருத்தர் ஒரு கேமுக்காக கன்சோல் வாங்கிட்டாருன்னா அதுக்கப்பறம் அஞ்சாறு வருஷம் அவர் வாங்கற எல்லாத்துலயும் பங்கு வரும். அப்ப அந்த ஒரு கேம் உண்மைல எவ்வளவு சம்பாதிச்சுதுன்னு எந்த எக்செல் ஷீட்ல எழுதறது? 2001ல ஹேலோங்கற கேம் இல்லாட்டி எக்ஸ்பாக்ஸே நின்னிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். அத பண்ண பஞ்ஜிய மைக்ரோசாஃப்ட் 2000ல வாங்குச்சு, 2007ல அவங்க பிரிஞ்சு தனியா போனாங்க, ஹேலோ பேரு மட்டும் மைக்ரோசாஃப்ட் கிட்டயே நின்னுருச்சு, 2022ல அதே பஞ்ஜிய சோனி 360 கோடி டாலருக்கு வாங்குச்சு.

மாசச் சந்தா வந்தப்பறம் இது இன்னும் சிக்கல். மைக்ரோசாஃப்டோட கேம் பாஸ்ங்கற சந்தாவுல முதல் நாளே போட்டுட்டா எத்தன காப்பி வித்துச்சுன்னு கேக்கறதுக்கே அர்த்தம் இல்ல, சந்தாவுக்கு எத்தன பேர் வந்தாங்க, எத்தன பேர் இருந்தாங்கன்னு பாக்கணும். சீ ஆஃப் தீவ்ஸ் 2018ல முதல் நாளே கேம் பாஸ்ல வந்த கேம். வந்தப்ப உள்ள ஒண்ணுமே இல்லன்னு திட்டுனாங்க. வருஷா வருஷம் சேத்துக்கிட்டே வந்தாங்க, 2024 ஏப்ரல்ல எதிராளியோட பிஎஸ்5க்கே போச்சு, 4 கோடி பேருக்கு மேல விளையாடிருக்காங்கன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுச்சு. எண்ணிக்கைல பாத்தா 2018க்கு அப்புறம் ரேர் தனியா புதுசா ஒண்ணுமே விடல. அந்த டீம் அத்தன வருஷமும் வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கு. உங்க ஆபீஸ் டிக்கெட் கணக்குக்கும் இதையே சொல்வேன், முடிச்ச டிக்கெட்ல எத்தன மேலிடம் மனசு மாறுனதால திரும்பத் திறந்ததுன்னு தனியா ஒரு கட்டம் போட்டு மேனேஜர்கிட்ட காமிங்க. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இல்லாம தேதி போட்டு வெறும் கணக்கா காமிங்க, அப்பதான் காது குடுப்பாங்க.

கேள்வி: அண்ணே நாங்க மூணு பேரு, மேலூர். வீட்டு மாடிலயே ஒரு சின்ன கேம் பண்ணிக்கிட்டிருக்கோம். கன்சோல் கம்பெனிகிட்ட பணம் வாங்கலாமா, அவங்களுக்கு கீழ போனா நம்ம வேகம் கொறைஞ்சிருமோன்னு பயமா இருக்கு.
– மூணு நண்பர்கள், மேலூர்

பதில்: பயப்படாதீங்க தம்பிகளா, பணம் வேணுங்கற இடத்துல வாங்கித்தான் ஆகணும். சோனி 2023ல இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்னு நம்ம நாட்டு டீம்களுக்காகவே ஒண்ணு அறிவிச்சாங்க, அந்த மாதிரி வாசல் எப்ப திறக்குதுன்னு கண்ணு வெச்சுக்கிட்டே இருங்க. பணம் குடுக்கறாங்கன்னா கம்பெனிய வாங்கறாங்கன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் ஒரு கேமுக்கு அட்வான்ஸ், அது வித்து வர்ற காசுல முதல்ல அவங்க பணத்த கழிச்சுக்கிட்டு அப்புறம்தான் உங்களுக்குப் பங்கு வரும். அந்தக் கழிவு எந்தக் கணக்குலன்னு கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க.

நேரத்த திங்கறது இன்னொண்ணு இருக்கு, யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. டெவ் கிட் (கேம் செய்யறவங்களுக்குன்னு கம்பெனி தர்ற தனி மிஷின்) வந்து சேந்ததுக்கு அப்புறம், கேம் முடிஞ்சாலும் அவங்க பரிசோதனைல பாஸாகணும், நின்டெண்டோல லாட்செக்னு சொல்வாங்க, சோனில டிஆர்சி. நடு ஆட்டத்துல கன்ட்ரோலர் பேட்டரி போச்சுன்னா ஸ்கிரீன்ல சரியான செய்தி வரணும், கரண்ட் போற மாதிரி பட்டுனு ஆஃப் பண்ணா சேவ் ஃபைல் கெடக்கூடாது, அவங்க பட்டன் பேர தப்பா எழுதிருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. திருப்பி அனுப்புனா மறுபடி வரிசைல நிக்கணும். மூணு பேர் டீமுக்கு இது தனி வேலை, கேம் ஆரம்பிக்கறப்பவே அந்த லிஸ்ட்ட வாங்கி செவுத்துல ஒட்டி வெச்சுக்கங்க.

கடைசியா ஒப்பந்தத்துல மூணு வரிய மட்டும் ஒரு வக்கீல வெச்சு படிங்க. கேம் பேரும் கதாபாத்திரமும் யாருக்குச் சொந்தம். அவங்க புது கன்சோலுக்கு மாத்தச் சொன்னா அந்தக் கூடுதல் மாசத்துக்கு யார் சம்பளம் குடுப்பா. நடுவுல அவங்க நிறுத்துனா அதுவரைக்கும் செஞ்சது உங்ககிட்ட திரும்ப வருமா, வேற ஆளுக்கு விக்க விடுவாங்களா. மூணாவதுக்கு எழுத்துல பதில் வாங்காம கையெழுத்து போடவே போடாதீங்க. கேம் ஒரு மாதிரி ஓடற நிலைமைக்கு வந்ததும் எங்களுக்கு எழுதுங்க, நான் மேலூருக்கே வந்து விளையாடிப் பாக்கறேன்.